திங்கட்கிழமை ஒன்றரை மணி

“ஆத்துல இன்னிக்கு என்ன டிபன்?” என்று கேட்டபடியே பத்மாஸினி எதிரில் இருப்பவரின் முழங்கை மடிப்பை இரண்டு விரலால் தட்டுவார். தமிழ்க்காரர்களுக்குத் தமிழில், மற்றவர்களுக்குக் கன்னடத்தில். எதிரில் இருப்பவரோ ராத்திரியிலிருந்து ஒன்றும் சாப்பிடாமல், வெறும் வயிற்றோடு சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்து சுருண்டு உட்கார்ந்திருப்பவர். டிபன் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் முகம் மலர்ந்துவிடும். “செட் தோசை, சாகு” என்று சொல்லி வாயை மூடுவதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்து, பஞ்சும் வைத்தாகியிருக்கும். “அவ்வளவுதான். போய் ரெண்டே ரெண்டு தோசை சாப்பிட்டுட்டு, சரியா ரெண்டு மணி நேரத்துல வாங்கோ. ஆசைப்பட்டு நாலு தின்னேளோ, சாயங்காலம் ரிப்போர்ட் காட்டிக் குடுத்துடும்!”

கைக்கடிகாரத்தை மணிக்கட்டின் உட்புறம் முகம் தெரியும்படி கட்டியிருப்பார். ஊசி பிடித்த கையை அசைக்காமலே மணி பார்க்க அதுதான் தோதாம். பார்த்த மணியை அந்தக் கணமே சாம்பிள் நோட்டில் எழுதியாக வேண்டும். பெயர், வயது, நேரம். 7.34, 7.38, 7.41 என்று குண்டு குண்டாக நீல மையில் எழுதுவார். குத்துமதிப்பாக நேரம் எழுதுகிறவர்களை அவருக்கு அறவே பிடிக்காது. “ஏழே முக்கால்னு எழுதறவா மணியே பாக்கலைன்னு அர்த்தம்” என்பார்.

மைசூர் சரஸ்வதிபுரத்தில் டாக்டர் கிருஷ்ணராஜின் ரத்தப் பரிசோதனைக்கூடத்தில் ஆறு வருஷமாக அவருக்கு வேலை. காலை ஏழரையிலிருந்து பதினொன்று வரை, ஞாயிறு தவிர. பகுதி நேர வேலைதான். ஆனால் கதவைத் திறப்பது அவர், ரத்தம் எடுப்பது அவர், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து அணுக்களை எண்ணுவதும் அவர். டாக்டர் பத்து மணிக்கு மேல் வந்து ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுவார். கல்யாணம் கார்த்திகையில் சொந்தக்காரர்கள் கூடும்போது மட்டும் நாத்தனார் ஒருவர், “பத்மாவா? ஏதோ காலம்பர ரெண்டு மணி நேரம் போய்ட்டு வரா” என்று பதில் சொல்லிவிடுவார். அந்த ‘ஏதோ’ பத்மாஸினிக்குச் சுருக்கென்று தைக்கும். சிரித்துக்கொண்டே பாயசத்தை ஊற்றிவிட்டு நகர்ந்துவிடுவார்.

இப்படிப்பட்ட பத்மாஸினிக்கு 1997 அக்டோபரில், தசரா விளக்குகளை அவிழ்த்துக்கொண்டிருந்த வாரத்தில், தலைகால் புரியாமல் போயிற்று. காரணம் கனடா.

கணவர் வாசுதேவ் சாயாஜிராவ் ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் இருபது வருஷமாகப் புடவை விரித்துக் காட்டுகிறவர். கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் தந்தார் என்று குடியேற்ற விண்ணப்பத்தையும் அதோடு ஒரு குறிப்புப் புத்தகத்தையும் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அதில் எந்தெந்த வேலைக்கு என்ன மதிப்பெண் என்று நீளமாக ஒரு பட்டியல். பட்டுக்கடைக்காரருக்கு அதில் இடமே இல்லை. ரத்தப் பரிசோதனை செய்கிறவர்களுக்கு ஜம்மென்று ஒரு வரி இருந்தது. “இருபது வருஷம் நின்னுண்டே உத்தியோகம் பாத்திருக்கேன், எனக்குச் சைபர்! நீதான் பத்மா மெயின் அப்ளிகண்ட். நான் உன் பின்னாடி பெட்டி தூக்கிண்டு வர வேண்டியதுதான்” என்று வாசுதேவ் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த மனுஷருக்கு அதில் துளிக்கூட வருத்தமில்லை. கடையில் இருந்த அத்தனை பேரிடமும் மறுநாளே சொல்லியும் விட்டார்.

அடுத்த பக்கத்தில்தான் பத்மாஸினியைத் தூக்கிவாரிப் போட்ட வரி இருந்தது. பகுதி நேர வேலையையும் மணிக்கணக்கில் கூட்டி முழுநேர வேலையாக மாற்றிக்கொள்ளலாம் என்றது அது. வாரத்துக்கு முப்பத்தேழரை மணி, வருஷத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது.

“ஹௌதா, நிஜமாவா? சும்னே சொல்லாதீங்கோ. பார்ட் டைமும் சேரும்னா போட்டிருக்கு?”

“சேரும்னுதான் போட்டிருக்கு.”

“இன்னொரு தரம் படியுங்கோ.”

மூன்று தரம் படிக்க வைத்துக் கேட்டார். ஊரே ‘ஏதோ’ என்று தள்ளிய மூன்றரை மணி நேரத்தை, எங்கேயோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒரு சர்க்கார் மணி மணியாக எண்ணி ஏற்றுக்கொள்கிறதே! பத்தாவது படிக்கிற மகள் ப்ரார்த்தனாவைக் கட்டிக்கொண்டார். அடுப்பில் ரசம் பொங்கி வழிந்ததை யாரும் கவனிக்கவில்லை.

“அங்க பனி கொட்டுமே பத்மா” என்றார் வாசுதேவ்.

“கொட்டட்டும். நான் உள்ளதானே நிக்கப் போறேன்! காலம்பரத்துலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு பெரிய லேப்ல நின்னு வேலை பாக்கணும். ஒரு முழு நாள். அதான் என் ஆசை.”

ஆசைக்கு இரண்டு முட்டுக்கட்டைகள் இருந்தன. வருகிற இருபத்தேழாம் தேதி அவருக்கு நாற்பத்தைந்து வயது. அன்றைக்குள் விண்ணப்பம் டெல்லியில் கனடாத் தூதரகத்துக்குப் போய்ச் சேராவிட்டால் வயதுக்கான மதிப்பெண் குறைந்து, மொத்தமும் கவிழ்ந்துவிடும். அடுத்தது, நான்கு முழு வருஷ அனுபவம் வேண்டும். அதாவது ஏழாயிரத்து எண்ணூறு மணி. ஒரு மணி குறைந்தாலும் அதே கதிதான்.

அனுபவக் கடிதம் கேட்டபோது டாக்டர் கிருஷ்ணராஜ் மறுக்கவில்லை. ஆனால் வருகைப் பதிவேட்டில் என்ன இருக்கிறதோ அதை மட்டும்தான் எழுதுவேன், ஒரு நிமிஷம் கூட்டிப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டார். சர்க்கரை ரிப்போர்ட்டில் அரைப் புள்ளியைக்கூட விட்டுக்கொடுக்காத மனிதர் அவர். ஆறு பதிவேடுகளையும் பையில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போகக் கொடுத்தார்.

மூன்று நாள் சாயங்காலம் வீட்டில் அதுவே வேலை. வாசுதேவ் படிக்க, பத்மாஸினி குறிக்க, கடையில் புடவை எண்ணுகிற பழக்கத்தில் பத்துப் பத்தாகக் கட்டு கட்டிக் கூட்டினார்கள். ப்ரார்த்தனா பிறப்பதற்கு முன் ஒரு நர்ஸிங் ஹோமில் ஒரு வருஷம் பார்த்த முழுநேர வேலை ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது மணி. அதற்கான கடிதம் டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. டாக்டரின் பதிவேடுகளில் ஐயாயிரத்து ஐந்நூற்றுத் தொண்ணூறு. மொத்தம் ஏழாயிரத்து ஐந்நூற்று நாற்பது.

இருநூற்று அறுபது மணி குறைந்தது.

மறுபடி கூட்டினார்கள். அப்போதும் அதே இருநூற்று அறுபது. பத்மாஸினி பேனாவை மூடினார். “சுத்தமா இல்லைன்னாக்கூட மனசு ஆறிடும்னா. இத்தனை கிட்ட வந்துட்டு...” என்று சொல்லிவிட்டுப் பதிவேடுகளை ஒவ்வொன்றாகப் பையில் வைத்தார். வாசுதேவ் எழுந்துபோய்த் தானே காபி கலந்து கொண்டுவந்து கொடுத்தார்.

சனிக்கிழமை காலை பதிவேடுகளைத் திருப்பி அடுக்கும்போது, கண்ணாடிக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்த லிங்கம்மாவிடம் மனது கேட்காமல் எல்லாவற்றையும் கொட்டினார். லிங்கம்மா தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர். அங்கே விவசாயம் பொய்த்து மைசூருக்கு வந்து, இந்தக் கூடத்திலேயே பெருக்கித் துடைத்துக் குழாய் கழுவுகிறார். படிப்பு கிடையாது. ஆனால் எந்தக் கிழமை எத்தனை பேர் வந்தார்கள் என்பது விரல் நுனியில் இருக்கும்.

“நீயே கேளு லிங்கம்மா, இதுல எந்த மணியை நான் கூட்ட முடியும்?” என்று பத்மாஸினி ஒரு பக்கத்தை வாசித்தார். “திங்கள், ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு. செவ்வாய், ஏழரைலேர்ந்து பதினொண்ணு. புதன், ஏழரை...”

குழாய் கழுவும் சத்தம் நின்றது.

“ஏனுங்கம்மா, திங்கக்கெழமைக்கு மட்டும் எதுக்குங்க ஒம்போது? அன்னைக்குத்தானுங்க சந்தைக் கூட்டமாட்டம் சனம் வரும்! ஏழரைக்கெல்லாம் ஊசியெக் கையில வெச்சுக்கிட்டு நிப்பீங்களே!”

பத்மாஸினி நாலைந்து பக்கம் புரட்டித் திங்கட்கிழமைகளை மட்டும் பார்த்தார். மூன்று நாள் எண்ணியபோதும் அந்த ஒன்பது அவர் கண்ணை உறுத்தவே இல்லை. அத்தனை பழகிப்போன ஒன்பது அது.

திங்கட்கிழமை காலை ஏழரையிலிருந்து ஒன்பது வரை ராகுகாலம். அந்த நேரத்தில் பத்மாஸினி எதிலும் கையெழுத்துப் போடமாட்டார். பல வருஷங்களுக்கு முன் நஞ்சன்கூட்டில் ஒரு தொழிற்சாலையின் ஆய்வகத்தில் முழுநேர வேலை கிடைத்தது. திங்கட்கிழமை எட்டு மணிக்கு ஆசை ஆசையாகக் கையெழுத்துப் போட்டார். மூன்றாவது மாதம் தொழிற்சாலைக்குப் பூட்டு விழுந்தது; அனுபவக் கடிதம் கொடுக்கக்கூட அங்கே ஆள் இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து பேங்க் செலானானாலும் சரி, மகளின் மார்க் அட்டையானாலும் சரி, ராகுகாலம் கழிந்த பிறகுதான் பேனா மூடி திறக்கும். பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிற நேரத்தைத்தான் எழுத வேண்டும் என்பது கூடத்து விதி. ஆகவே திங்கள்தோறும் ஏழரைக்கு வேலையைத் தொடங்கி, ஒன்பதுக்குக் கையெழுத்துப் போட்டு, ஒன்பது என்றே எழுதினார். பத்து மணிக்கு வருகிற டாக்டருக்கு இது எப்படித் தெரியும்?

“அப்போ ராகுகாலத்துல ஊசி மட்டும் குத்தலாமுங்களா?” என்றார் லிங்கம்மா.

“அது அவா ரத்தம். என் கையெழுத்தா?” என்று சொல்லும்போதே பத்மாஸினிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அப்புறம் சட்டென்று நிமிர்ந்தார். “லிங்கம்மா! சாம்பிள் நோட்டு! பழசெல்லாம் எங்க இருக்கு?”

“பரண் மேலதானுங்க. ஒண்ணக்கூடத் தூக்கிப் போடலீங்க.”

ஞாயிற்றுக்கிழமை கூடத்துக்கு விடுமுறை. சாவி பத்மாஸினியிடம்தானே! வாசுதேவையும் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். லிங்கம்மா ஏணியில் ஏறி நோட்டுகளை இறக்க, வாசுதேவ் தும்மல் மேல் தும்மலாகத் தும்மிக்கொண்டே திங்கட்கிழமைகளைத் தேடிப் பிரிக்க, தரையெல்லாம் ஆறு வருஷத்து ரத்தக் கணக்கு விரிந்தது. “ஏழு முப்பத்தொண்ணு! உன் கையெழுத்... இல்லையில்லை, உன் எழுத்துதான்!” “இதோ பாருங்கோ, ஏழு முப்பத்திரண்டு! அன்னிக்கு மழை கொட்டித்து, நனைஞ்சுண்டே வந்தேன்!” ஒவ்வொரு திங்களுக்கும் ஒரு கூச்சல். எதிர்க்கடை பூக்காரி என்ன கலாட்டா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இருநூற்று எழுபத்திரண்டு திங்கட்கிழமைகள். ஒவ்வொன்றிலும் பதிவேட்டில் ஏறாத ஒன்றரை மணி. நானூற்று எட்டு. மொத்தம் ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு!

“நூத்தி நாப்பத்தெட்டு மிச்சம் பத்மா!” வாசுதேவ் கர்ச்சீப்பை உதறி ஆட்டினார்.

“யாராவது போறாதவா இருந்தா குடுத்துடலாமா?” என்றார் பத்மாஸினி. இப்போது அவருக்கு எதைப் பார்த்தாலும் சிரிப்பு வந்தது.

டாக்டர் திங்கட்கிழமை எட்டரைக்குக் காரில் பெங்களூர் கிளம்புகிறார். அங்கிருந்து விமானம். திரும்பிவர இரண்டு வாரம்; அதற்குள் இருபத்தேழாம் தேதி தாண்டிவிடும். அனுபவக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போக எட்டு மணிக்குக் கூடத்துக்கு வந்தவர், மேஜை மேல் இருந்த நோட்டுக் குவியலைப் பார்த்து, “ஏனு பத்மாஸினி இது?” என்றார். சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. குவியலின் நடுவிலிருந்து இஷ்டத்துக்கு ஒன்றை உருவி ஒரு திங்களைப் பார்த்தார். இன்னொன்றை உருவினார். மூன்றாவதைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிவைத்தார். ஆறு வருஷமாகத் தன் கூடத்தில் திங்கட்கிழமை யார் கதவைத் திறந்தார்கள் என்று தனக்கே தெரியாமல் போனதே என்று கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார்.

பிறகு மளமளவென்று வேலை நடந்தது. பழைய கணக்கை வைத்து டைப் அடித்திருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டு, புதிதாகத் தன் கையாலேயே எழுதினார். மணிக்கணக்கு, மொத்தம், கையெழுத்து, முத்திரை. கடைசியில் காகிதத்தைப் பத்மாஸினி பக்கம் திருப்பினார். இரண்டு கணக்கும் ஏன் வேறுபடுகின்றன என்பதற்கு இரண்டு வரி விளக்கம் எழுதியிருந்தார். அதன் கீழே பத்மாஸினி கையெழுத்துப் போட வேண்டும், தன் முன்னாலேயே போட வேண்டும், போட்டால் சான்று எழுதிவிட்டுக் கிளம்பிவிடலாம் என்றார்.

பத்மாஸினியின் கை நின்றது.

உறையோடு வாசலில் தயாராக இருந்த வாசுதேவ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார். “டாக்டர், ஒரு முக்கால் மணி நேரம்... ஒன்பதுக்கு மேலேன்னா...” என்று இழுத்தார். வெளியே கார் ஹாரன் அடித்தது. விளக்குமாற்றோடு லிங்கம்மா அசையாமல் நின்றார். ஊசிக்குக் காத்திருந்த ஐந்தாறு பேரும் என்ன நடக்கிறதென்று தெரியாமலே மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

“நீங்க சித்த சும்மா இருங்கோ” என்றார் பத்மாஸினி.

பேனா மூடியைத் திறந்தார். தன் முழுப் பெயரையும் ஓர் எழுத்து விடாமல் எழுதினார். எழுதி முடித்ததும் இடது மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பெயருக்குப் பக்கத்தில், சாம்பிள் நோட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில், நேரத்தைப் போட்டார்: 8.12.