புத்தி தெளிந்து சொல்ல வேண்டும்

அந்தத் தையல்காரிக்குப் புருஷன் மேல் உயிர் என்று தெருவே பேசியது. தெருவுக்கு என்ன தெரியும்? குடித்துக் குடித்துக் கல்லீரலைக் கெடுத்துக்கொண்டவனை அவள் பொத்திப் பொத்திக் காத்தது பாசத்தால் அல்ல, வஞ்சத்தால்.

அவளுக்கு இடது காது கேட்காது. அவன் விட்ட அறையில் போனது. கேட்டவர்களிடமெல்லாம், "மாடிப்படியில உருண்டுட்டா" என்று அவன் சொல்லிவைத்திருந்தான். அவன் அக்காவோ, "பார்த்து நடக்கத் தெரியாதவ" என்று பட்டமே கட்டிவிட்டாள். அந்த அக்கா முன்னால், அறைந்தவன் வாயாலேயே உண்மை வர வேண்டும். அதுவரை அவனைச் சாகவிடுவதாக இல்லை.

டாக்டர் விளக்கமாகவே சொல்லியிருந்தார். "ஈரல் தழும்பு ஏறி இறுகிப் போச்சும்மா. ரத்தம் போக வழியில்லாம அழுத்தம் ஏறுது, அதான் வயித்துல நீர் கோத்திருக்கு. உணவுக்குழாய்ல ரத்தக்குழாய் வீங்கியிருக்கு, வெடிச்சா ரத்த வாந்தி வரும், உடனே ஓடி வரணும். உடம்புக் கழிவை ஈரல் சுத்தம் பண்ணலன்னா மூளையைத் தாக்கும், புத்தி தடுமாறும். அதுக்குத்தான் இந்த சிரப். தினம் ரெண்டு மூணு தடவை வயிறு போகணும். நிறுத்திடாதீங்க."

புத்தி தடுமாறும் என்றதும் அவளுக்குப் பகீரென்றது. அப்புறம் யாரிடம் போய் நியாயம் கேட்பது?

அன்றிலிருந்து சிரப் தவறியதில்லை. வயிற்று நீர் ஏறாதிருக்க உப்பையும் வெகுவாகக் குறைத்தாள். உப்பு போதவில்லை என்று தட்டை வீசியவன் சப்பென்ற சோற்றை விழுங்குவதை எதிரில் உட்கார்ந்து ஆசை தீரப் பார்த்தாள். வயிறு ஏற ஏற அவன் கால்சட்டை இடுப்பைப் பிரித்துத் தைக்கும்போது, "நல்லா வளர்றீங்க" என்பாள்.

சீருடைத் தையல் குவிந்து அவள் கடையிலேயே கிடந்த வாரம், அக்கா பார்த்துக்கொள்ள வந்தாள். தம்பி கழிவறைக்கு ஓடுவதைக் கண்டு வயிறெரிந்தாள். "பேதி மருந்து ஊத்தியே என் தம்பியை உருக்குறாளே!" என்று பாட்டிலை ஒளித்துவைத்தாள்.

விளைவு சீக்கிரமே தெரிந்தது. பகலெல்லாம் தூங்கினான். செருப்பை அலமாரியில் வைத்தான். நீட்டிய கை படபடவென்று ஆடியது. கடையிலிருந்து வந்த மனைவியைப் பார்த்து, "நான்தான் அடிச்சேன், நான்தான்" என்று அழுதான்.

"புத்தி பேதலிச்சவன் பேச்சைப் பெருசு பண்ணாத" என்றாள் அக்கா.

தையல்காரிக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கைக்கு எட்டியதைத் தட்டிவிட்டாளே! அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். மருந்தை நிறுத்திய அக்காவை டாக்டர் வறுத்தெடுத்துவிட்டார்.

அவன் தேறினான். வீட்டுக்குப் போகலாம் என்ற நாளில் அவள் அக்காவையும் நிற்கவைத்து, "இவருக்கு இப்ப புத்தி தெளிவாத்தானே இருக்கு டாக்டர்?" என்று கேட்டாள்.

"நல்லாத் தெளிஞ்சிருக்கார்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த கட்டிலுக்குப் போனார்.

"என் காது எப்படிப் போச்சு? உள்ளதைச் சொன்னா நம்ம வீடு. இல்லன்னா உங்க அக்கா வீடு."

அவன் அக்காவைப் பார்த்தான். அக்கா தரையைப் பார்த்தாள்.

"நான்தான் அறைஞ்சேன்" என்றான். "படியில விழல. பொய் சொன்னேன்."



"சொல்லிட்டேன்ல," அவன் கெஞ்சினான், "இப்பவாவது மன்னிச்சிடு."

"சொல்லத்தான் சொன்னேன்," என்றாள் அவள். "மன்னிக்கிறேன்னு நான் சொல்லவே இல்லையே."