அக்கா ராணியைக் கொடுத்த ஆட்டம்

அப்பா கிள்ளான் பக்கத்து மேருவில் லோரி ஓட்டினார். செஸ்ஸில் ராணிதான் பெரிய காய் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். அக்கா தோற்று வரும் நாட்களில் “குவீன் போச்சா?” என்றுதான் கேட்பார். காய்களை நகர்த்தத் தெரிந்திருந்ததால், வீட்டில் அக்காவுக்கு அடுத்த நிபுணி நான் என்ற நினைப்பு எனக்கு இருந்தது. நான் அப்போது ஆரம்பப் பள்ளியில் இருந்தேன்.

பிரிக்பீல்ட்ஸ் மண்டபம் ஒன்றில் நடந்த போட்டியின் கடைசிச் சுற்றில், மாஸ்டர் பட்டம் வாங்கிய ஒருவர் அக்காவுக்கு எதிரே உட்கார்ந்தார். ஜெயித்தால் அவளுக்கு நாட்டு அணியில் இடம். அப்பா லீவு போட்டுவிட்டு எங்களைக் கிள்ளானிலிருந்து காரில் அழைத்து வந்திருந்தார்.

ஆட்டம் பாதி போயிருக்கும். அக்கா ராணியைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு யானையையும் குதிரையையும் எடுத்துக்கொண்டாள். எப்படிப் பார்த்தாலும் நஷ்டம். அடுத்தது செக்மேட்டாகத்தான் இருக்கும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளோ ஒரு சிப்பாயை ஒரு கட்டம் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

நான் எதிர்க்கடைக்கு ஓடினேன். அங்கே அப்பா நுரை ததும்பும் தே தாரிக் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

“அப்பா, அக்கா குவீன குடுத்துட்டா!”

“வெட்டிட்டாங்களா?”

“இல்லப்பா, அவளே குடுத்துட்டா!”

அப்பா கிளாஸைக் கீழே வைத்தார். “காலையில ஒழுங்கா சாப்பிடல லா, அதான்” என்று சொல்லி, தோற்றுவிட்டு அழப்போகும் பிள்ளைக்காக இரண்டு ரொட்டி சானாய் பொட்டலம் கட்டச் சொன்னார்.

நாங்கள் திரும்பியபோது மாஸ்டர் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அக்காவின் குதிரை பலகையின் நடுவில் உட்கார்ந்திருந்தது. அதை விரட்ட அவரிடம் ஒரு சிப்பாய்கூட இல்லை. அவருடைய ராணி அந்த மூலைக்குப் போனது, இந்த மூலைக்கு வந்தது. எங்கே போனாலும் அவருடைய காய்களே வழியை அடைத்துக்கொண்டு நின்றன. அக்கா அவசரப்படவில்லை. பக்கத்து மேசைகள் ஒவ்வொன்றாகக் காலியான பிறகு, மாஸ்டர் கை நீட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

“கடைசி வரைக்கும் பார்த்துட்டுதான் குவீன குடுத்தியாம்மா?” என்று அவளிடம் கேட்டார்.

“இல்ல அங்கிள். ஜெயிப்பேனான்னு தெரியாது. குவீன வச்சிருந்தா மத்த காயெல்லாம் மூச்சு விட முடியாம கெடந்திருக்கும். அதான் குடுத்தேன்.”

மாஸ்டர் எழுந்து நின்று அவள் கையை இன்னொரு முறை குலுக்கினார்.

காரில் அப்பா கண்ணாடி வழியாகப் பின்னால் பார்த்து, “தெரியாமலா குடுத்த?” என்றார். அக்கா தூங்கிவிட்டிருந்தாள்.

எனக்குத்தான் மனசு ஆறவில்லை. அத்தனை பேர் முன்னால் ‘தெரியாது’ என்று சொல்லிவிட்டாளே! மறுநாள் பள்ளியில், முடிவுவரை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுத்தான் அக்கா ராணியைக் கொடுத்தாள் என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படிச் சொன்னால்தான் அவளுக்குப் பெருமை என்று அந்த வயதில் நினைத்திருந்தேன்.