புரட்டாசியில் இறால் ஊறுகாய்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அதனால் நான் செய்த முட்டாள்தனத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், அன்பானவர்களே. என் பெயர் எஸ்தர். கும்மிடிப்பூண்டியில் இருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் என் வீட்டுக்காரருக்கு முட்டி தேய்ந்துபோய், இரும்பு கம்பெனி வேலை நின்றுவிட்டது. அவர் இடத்தில் கான்ட்ராக்டர் ஓர் ஒரிசாக்காரரைச் சேர்த்துக்கொண்டார். அன்றிலிருந்து எனக்கு வடநாட்டு ஆட்களைக் கண்டாலே ஆகாது. ஜெபக்கூட்டத்திலேயே, "ஆண்டவரே, இவங்கள அவங்க ஊருக்கே அனுப்பிடும்" என்று வாய்விட்டு ஜெபித்திருக்கிறேன். வெட்கக்கேடுதான்.

எங்களுக்கு ஒரே மகள், குளோரி. நர்சிங் படிக்க இடம் கிடைத்தும் முதல் தவணைப் பணம் கட்டக்கூட வழியில்லை. பக்கத்தில் தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனி வேலைக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டோம். திங்கட்கிழமை காலை கம்பெனி வேன் வரும், ஏறிப் போக வேண்டும். அவள் அழவில்லை. கல்லூரிக் கடிதத்தை மடித்து பைபிளுக்குள் வைத்துவிட்டாள். அதைப் பார்த்து நான்தான் அழுதேன்.

அந்தத் திங்களுக்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் எங்கள் ஊர் மைதானத்தில் பொருட்காட்சி. எனக்கு ஊறுகாய்க் கை உண்டு. பழவேற்காட்டு இறாலும் கருவாடும் அந்த வாரம் பார்த்து மலிவாகக் கிடைத்தன. கர்த்தர் வழி திறந்துவிட்டார் என்று சபையில் எழுந்து நின்று ஸ்தோத்திரம்கூடச் சொன்னேன். ஏன் மலிவு என்று யோசிக்கவே இல்லை. வீடு கொள்ளாத அளவுக்கு ஊறுகாயும் தொக்கும் போட்டேன்.

சனிக்கிழமை கடை விரித்தேன். பக்கத்துக் கடை அண்ணன் ஊத்துக்கோட்டைக்காரர், பாத்திர வியாபாரி. என் பாட்டில்களைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"இன்னாமா இது? புரட்டாசி சனிக்கெழமயும் அதுவுமா கருவாட்டுத் தொக்க வச்சிக்கினு குந்திகினுகீற! எவன் தொடுவான்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பாதி ஊர் பெருமாளுக்கு விரதம் இருந்து கவிச்சி தொடாத மாதம். எங்கள் வீட்டில் அந்த விரதம் இல்லை. புரட்டாசி என்றால் கோழி விலை இறங்கும், அவ்வளவுதான் எங்களுக்கு. அதைக்கூட மறந்து தொலைத்தேனே!

வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் புகார். பொருட்காட்சி நடத்துகிறவரே வந்துவிட்டார்.

"யக்கா, பேஜாரு பண்ணாத. பின் கேட்டாண்ட, ஜெனரேட்டர் பக்கத்துல போய்ப் போட்டுக்கோ."

"அங்க எவன் வருவான்?" என்று சண்டை போட்டுப் பார்த்தேன். நடக்கவில்லை.

அங்கே புகையும் சத்தமும்தான். ஒரு பாட்டில்கூடப் போகவில்லை. முழங்கால் போட இடமில்லாமல் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினேன். அழகான ஜெபம் எல்லாம் இல்லை, கோபம்தான். "இன்னா ஆண்டவரே இது? நாளைக்கு ஒரு நாள்தான் கீது. யாரையாவது அனுப்பும். யாரா இருந்தாலும் சரி" என்றேன்.

ஞாயிறு ஆராதனை முடித்துவிட்டுப் போய்க் கடை திறந்தேன். பின் கேட்டுக்கு எதிர்ச் சந்தில்தான் வடநாட்டு ஆட்கள் தங்கும் ஷெட்டுகள் இருக்கின்றன என்பது எனக்கு அன்றுதான் தெரியும். விடுமுறை நாள். நாலு பேர் உள்ளே வந்தார்கள். என் முகம் சுருங்கியது, உண்மையைச் சொல்கிறேன். ஒருவர் மட்டும் வாசம் பிடித்து நின்றார்.

"அக்கா, கருவாடு? டேஸ்ட் பாக்கலாமா?"

ஒரு துளி வாயில் வைத்தவர் அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். "அம்மா செய்யும். இதே மாதிரி" என்றார். பிறகு போனை எடுத்து அவர்கள் பாஷையில் ஏதோ பேசினார். அரை மணி நேரத்தில் ஷெட்டு மொத்தமும் என் கடை முன்னால் நின்றது! பொழுது சாய்வதற்குள் பாட்டில்கள் அத்தனையும் காலி. குளோரியின் முதல் தவணைக்குப் பணம் சேர்ந்துவிட்டது.

பாத்திரக்கார அண்ணன் ஓடி வந்தார். "அட்ச்சது பார் லக்கு!"

"லக்கு இல்ல நைனா, ஜெபம்" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. யாரைப் போகச் சொல்லி ஜெபித்தேனோ, அவர்களையே அல்லவா அவர் எனக்கு அனுப்பினார்!

திங்கட்கிழமை காலை வேன் வந்து இரண்டு முறை ஹார்ன் அடித்தது. குளோரி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஏறவில்லை. வேன் போய்விட்டது. இப்போது நர்சிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள்.

முதலில் ருசி பார்த்தாரே, அவர் இன்றும் வீட்டுக்கு வந்து தொக்கு வாங்கிப் போகிறார். ஒருநாள் அவருடைய அம்மா படுத்த படுக்கையாக இருப்பதாகவும், லீவு கிடைக்கவில்லை என்றும் சொன்னார். "அக்கா, உங்க சாமிகிட்ட கேளு" என்றார். அன்றைக்கு நானும் என் வீட்டுக்காரரும் சேர்ந்து முழங்கால் போட்டோம்.

என்னைப் போல வாய்த்துடுக்கானவள் கேட்டதற்கே செவிகொடுத்த ஆண்டவர், நீங்கள் கேட்டாலும் செவிகொடுப்பார். கோபமாக இருந்தால் கோபத்தோடே கேளுங்கள். ஆனால் யாரை அனுப்புவார் என்று மட்டும் நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அவருக்காக முழங்கால் போட்ட அன்று நான் ஜெபித்தது பழைய ஜெபம்தான்: "ஆண்டவரே, இவர இவரோட ஊருக்கே அனுப்பிடும்." சொல்லும்போது அழுதுவிட்டேன்.