ஆதி தாளத்துக்கு ரெண்டு கரண்டி பொங்கல்

பாட்டு வகுப்பில் சேர்ந்ததிலிருந்து எனக்கு ஆதி தாளம் ஒருநாளும் தப்பாமல் வந்ததில்லை.

இன்று மல்லசமுத்திரம் கோயிலில் பிரசாத வரிசை. சரளி வரிசையை மனதுக்குள் பாடியபடி தொடையில் மெதுவாகத் தாளம் போட்டுக்கொண்டிருந்தேன். தட்டி, விரல் எண்ணி, மறுபடி தட்டி, வீச்சுக்கு உள்ளங்கையை மேலே திருப்பினேன்.

பொங்கல் கொடுக்கிற அக்கா அதில் ஒரு கரண்டி வைத்துவிட்டார்!

தாளத்தை விடலாமா? பொங்கலோடு தொடையில் ஒரு தட்டு. அடுத்த வீச்சு.

"ஏனுங்க, அதுக்குள்ள தின்னுபோட்டீங்களா?" என்று இன்னொரு கரண்டி வைத்தார்.

சேலையெல்லாம் நெய். ஆனால் தாளம் தப்பவே இல்லை!

அடுத்த வகுப்பில் ஏக தாளம். அதில் வீச்சே கிடையாதாம். பொங்கலுக்கு நான் எங்கே போவேன், சொல்லுங்கள்.