நாலு மணிச் சங்கும் செல்லம்மாள் தூக்கமும்

ஊரார் தூக்கத்தைக் கெடுத்துச் சம்பளம் வாங்குகிற உத்தியோகம் என்னுடையது. சேலத்துப் பஞ்சாலை ஒன்றில் ராத்திரி பாய்லர் ஆள். விடிகாலை நாலு மணிக்கு ஆலையின் நீராவிச் சங்கு ஊதுவதும் என் பொறுப்பு. பகல் வெளிச்சத்தோடும் ஈயோடும் மல்லுக்கட்டிக் கண்மூடப் பார்க்கும் ராத்திரி ஷிப்டு அன்பர்களே, நம் பாடு பரவாயில்லை. நமக்காவது கூலி உண்டு.

சங்கு யாருக்கு?

நாலு மணிச் சங்கு ஆலைத் தொழிலாளிகளுக்காக ஏற்பட்டது. அவர்களோ அதைக் கேட்டுப் புரண்டு படுப்பார்கள். ஐந்தரைச் சங்குக்குத்தான் எழுவார்கள். நாலுக்கு எழுவதெல்லாம் எதிரே நெசவுத் தெருப் பெண்கள். வெயில் ஏறுமுன் தறிக்கான பாவு நூலைத் தெரு நீளத்துக்கு விரித்துக் கஞ்சி போட்டாக வேண்டும். அதற்கும் முன்னால் தண்ணீர், சாணி, அடுப்பு. அந்தத் தெரு நெசவாளி அர்த்தநாரி ஒருநாள் ஆலை வாசலில் வெற்றிலை கொடுத்து நன்றி சொன்னார்:

"உங்க புண்ணியத்துல ஊட்டுல பொம்பளைங்க தானா எந்திரிச்சுக்கறாங்க. எனக்கு அந்தச் சத்தம் காதுல உழுகறதே இல்லீங்க."

வைத்தியம்

அர்த்தநாரியின் மனைவி செல்லம்மாள் மாசமாக இருந்தாள். முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. இந்தத் தடவையும் கால் வீங்கி, உதடு வெளுத்து, நூல் சுற்றும்போதே ராட்டைமேல் தலை சாய்ந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா, "மருந்தெல்லாம் அப்புறம், இவளைத் தூங்க விடாவிட்டால் இந்தப் பிள்ளையும் தங்காது" என்று சொல்லி அனுப்பினாராம். மாமியார் நேரே தாயத்துக்காரரிடம் கிளம்பினாள். ஏழு பெற்று ஒன்று மிஞ்சிய அந்த அம்மாள் வழியில் என்னிடம் நியாயம் கேட்டாள்:

"தூங்கச் சொல்றதுக்கு ஒரு டாக்டருங்களா? ஏழு பெத்தேன் சாமி, எந்தப் புள்ளைக்கு நான் தூங்கினேன்?"

ஊதாத சங்கு

குடத்தோடு போகையில் செல்லம்மாள் தலை நிமிராமல், "ஒரே ஒரு நாளைக்கு அதை மறந்துருங்கண்ணா" என்றாள். மறந்தேன். வால்வு மக்கர் என்று மேஸ்திரியிடம் புளுகினேன். ஆலைக்கு ஒருவன்கூடத் தாமதமாக வரவில்லை. தெருவே விடிந்துதான் எழுந்ததாம். எனக்குக் கொஞ்சம் கர்வம்தான். சாயந்திரம் அவள் முகத்தைப் பார்த்தால், முன்னைவிடக் கறுத்திருந்தது.

"சங்கு ஊதி நான்தான் அசந்துட்டனோன்னு பயந்து நடுராத்திரியே எந்திரிச்சுட்டனுங்கண்ணா. கஞ்சி காச்சி எறக்கி வெச்சும் விடியவே இல்லீங்க."

தாய்வீடு

என்னை நம்பிப் பிரயோசனமில்லை என்று அர்த்தநாரி அலாரக் கடியாரம் வாங்கினார். வைத்தது அவள் தலைமாட்டில். அடுத்த வாரமே அவள் பாவின் நடுவில் மயங்கி விழுந்தாள். சேதி கேட்டுப் பரமத்தி வேலூரிலிருந்து வந்த அண்ணன், யாரையும் கேட்காமல் தங்கையைக் கூட்டிப்போனான். கடியாரம் அர்த்தநாரி தலைமாட்டுக்கு இடம் மாறியது. அவரே எழுந்தார், கஞ்சி காய்ச்சினார். உலகம் ஒன்றும் கவிழவில்லை.

தாய்வீட்டில் இருட்டியதும் படுத்து, வெயில் வந்து எழுந்து, உதடு சிவக்கக் கைக்குழந்தையோடு திரும்பி வந்தாள் செல்லம்மாள். பார்த்த எனக்கே அன்று தூக்கம் வந்தது. மாமியார் தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்:

"தூங்கித் தூங்கியே பொட்டப்புள்ளையப் பெத்துட்டு வந்திருக்கறா பாருங்க!"

என் சங்குக்கு அசையாமல் தூங்குகிற பெண்பிறவி அந்த வீட்டில் இப்போது அந்தக் குழந்தை ஒன்றுதான். ஐந்தாறு வருஷம் போகட்டும், பழக்கிவிடுவோம்.