குயிலின் பெயர் கொண்ட எலும்பு

பன்னிரண்டு வருஷம் என் அம்மா உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, கூலி நெல்லைக் கூட்டித் தரக் கேட்டு எங்கள் தெருவே நடவுக்குப் போகாமல் நின்றது. பண்ணையார் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்தார். அவர்களை மறிக்கப் பெண்கள் வரப்பில் கைகோத்து நின்றார்கள். போலீஸ் வந்து தள்ளியதில் அம்மா பின்னால் சரிந்து, மதகின் செங்கல் விளிம்பில் உட்கார்ந்தவாக்கில் விழுந்தாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டு மறுபடி வரிசையில் போய் நின்றாள். கேட்டவர்களிடம், "ஒண்ணுமில்ல" என்றாள்.

அதற்குப் பிறகு நின்றபடியே சாப்பிட்டாள். முட்டி போட்டு அடுப்பு ஊதினாள். ஒருக்களித்துத்தான் படுத்தாள். வலி எங்கே என்று வீட்டில்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக் கூச்சமான இடம்.

சில வருஷம் கழித்து ஆட்சி மாறி, கூலிக்கென்று ஒரு சட்டம் வந்து, தாலுகா ஆபீஸில் பண்ணையாரையும் எங்களையும் கூப்பிட்டுப் பேசினார்கள். எங்கள் ஆட்களுக்கும் நாற்காலி போட்டிருந்தார்கள். பண்ணையாருக்கு எதிரே நாற்காலியில் உட்காருவது எங்களுக்கு அதுதான் முதல்முறை. எல்லாரும் உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் சுவரோரம் நின்றாள்.

"இன்னுமா அவருக்குப் பயப்படுற? குந்துக்கா" என்று எங்கள் விவசாயத் தொழிலாளர் சங்கத்துத் தம்பி ஒருவர் எல்லார் காதிலும் விழச் சொன்னார். சிலர் சிரித்தார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்தது எனக்கு நினைவிருக்கிறது.

பிறகு தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரியில் எனக்கு இடம் கிடைத்தது. தமிழில் படித்து வந்தவளுக்கு உடற்கூறுப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. ஒவ்வொன்றுக்கும் நூலகத்து அகராதியில் பொருள் தேடி எழுதிவைப்பேன். அப்படித்தான் 'காக்சிக்ஸ்' என்ற சொல்லைத் தேடினேன். முதுகெலும்பின் கடைசித் துண்டு. கிரேக்க மொழியில் குயிலுக்குப் பெயர் 'கொக்கிக்ஸ்'. அது கூவுவதிலிருந்து வந்த பெயர். இந்த எலும்பு குயிலின் அலகுபோல வளைந்திருந்ததால் பழங்காலத்து வைத்தியர்கள் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். அவர்கள் நாட்டுக் குயில் வேறு, நம் குயில் வேறு. ஆனாலும் ஒரே குடும்பம்தான். உட்கார்ந்தவாக்கில் விழுந்தால் அந்த எலும்பு முறியலாம் என்று பாடப்புத்தகத்தில் படித்ததும் எனக்கு அந்த மதகு நினைவுக்கு வந்தது.

சனிக்கிழமை ஊருக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன்.

"அம்மா, ஒனக்கு வலிக்கிறது குயில் எலும்புலயா?"

"குயிலா? அது எங்கடி இருக்கு?"

என் முதுகின் அடியில் தொட்டுக் காட்டினேன். அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. "ஆமா, அங்கதான். அன்னைக்கு மதகுல விழுந்ததுலேருந்து" என்றாள்.

மறுநாள் தெருவில் தண்ணீர் பிடிக்கும் பைப்படியில் அவள் குரல் கேட்டது. "எனக்குக் குயில் எலும்பு ஒடைஞ்சிருக்காம். எம்மவ சொல்றா." அத்தனை பேர் நடுவில் கூச்சப்படாமல் சொல்ல அவளுக்கு ஒரு பெயர் கிடைத்துவிட்டது.

அன்றைக்கே சங்கத்துத் தம்பி வீட்டுக்கு வந்தார். "தெரியாம சொல்லிப்புட்டேன்க்கா."

"ஏன் நிக்கிறேன்னு அப்பவே ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" என்றாள் அம்மா. பிறகு அவருக்குக் காப்பி கொடுத்தாள்.

எக்ஸ்ரேயில் எலும்பு முறிந்து கோணலாகக் கூடியிருந்தது தெரிந்தது. இரண்டு ஊசிகளும், அந்த எலும்பு அழுந்தாமல் உட்காரப் பின்பக்கம் வெட்டிய ஒரு பஞ்சுமெத்தையும் போதுமாயிருந்தன. முழுசாகக் குணமாகவில்லை. ஆனால் அந்த வருஷம் வேளாங்கண்ணிக்குப் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தே வந்தாள்.

அம்மா போய்ப் பல வருஷமாகிறது. நான் வேலை பார்த்த ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எங்கள் பக்கத்துப் பெண்கள் வருவார்கள். மற்ற வலிகளைச் சுற்றிவளைத்துச் சொல்கிறவர்கள், இதை மட்டும் பட்டென்று சொல்வார்கள்: "டாக்டரம்மா, குயில் எலும்புல வலிங்க."