கரை மிதிக்காத செருப்பு

செருப்புக் கடைக்காரனுக்கு ஊரில் எல்லோருடைய காலும் தெரியும், முகம்தான் சட்டென்று ஞாபகத்துக்கு வராது. நாள் முழுக்கக் குனிந்து அடுத்தவர் காலில் மாட்டிக் கழற்றும் பிழைப்பு. ஜவுளிக் கடையில் நிற்பவர்களே, பாத்திரக் கடையில் நிற்பவர்களே, 'வேற காட்டுங்க' என்ற ரெண்டு வார்த்தையைக் கேட்டுக் கேட்டே இடுப்பு ஒடிந்தவர்களே, இதையெல்லாம் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் போய்ச் சொல்ல?

என் கடை தூத்துக்குடியில், கடற்கரைக்குப் போகும் வழியில் இருக்கிறது. நான் சாத்தான்குளம் பக்கத்து ஆள். கடல் எனக்குச் சோற்றுத் தட்டில்தான் பழக்கம். அதோடு எனக்கு ஒரு இடத்தில் உட்காரவும் தெரியாது. ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கல்லாவுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டே இருப்பேன். எனக்கென்று போட்ட ஸ்டூலில் அட்டைப்பெட்டிகள்தான் உட்கார்ந்திருக்கும். கூட வேலை பார்க்கும் ஜெபமணி அக்கா இதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய், வருகிறவர்களிடம் எல்லாம் ஒன்று சொல்லுவார்: "இந்தக் கடையில மொதல்ல தேயுறது அண்ணாச்சி செருப்புதான்."

நூலில் வந்த கால்

கடலுக்குப் போகிறவர்கள் கடைக்கு வருவது அபூர்வம். விடியுமுன் போனால் பொழுது சாய்ந்துதான் கரை. அதனால் கால் வராது, காலின் அளவுதான் வரும். வலை நூலில் ஒரு துண்டு வெட்டி, குதிகாலுக்கு ஒரு முடிச்சு, பெருவிரலுக்கு ஒரு முடிச்சு போட்டு வீட்டுப் பெண்கள் கொண்டுவருவார்கள். ரோஸ்லினும் அப்படித்தான் வந்தாள். புருஷன் மிக்கேல் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். வள்ளம் என்றால் இங்கே இன்ஜின் வைத்த நாட்டுப்படகு. நாள் முழுக்க நின்ற காலுக்குக் கடிக்காத செருப்பு வேண்டும் என்றாள். முடிச்சுக்கு முடிச்சு வைத்துப் பார்த்து ஒன்பதாம் நம்பர் கொடுத்தேன்.

மறுநாள் அது திரும்பி வந்தது. இறுக்கமாம். நூலை மறுபடி வைத்தேன், அளவு சரியாகவே இருந்தது. பத்தாம் நம்பர் கொடுத்தேன். அதுவும் திரும்பி வந்தது, இப்போது தொளதொளவென்று இருக்கிறதாம். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "உங்க வீட்டுக்காரருக்குத் தினம் ஒரு காலா?" என்று கேட்டே விட்டேன். அவள் நிதானமாகச் சொன்னாள். ஒன்பதைப் போட்டுப் பார்த்தது கடலிலிருந்து வந்த சாயங்காலம். பத்தைப் போட்டது தூங்கி எழுந்த காலையில். விடிந்ததிலிருந்து ஆடுகிற பலகையில் நின்ற கால் சாயங்காலம் வீங்கித்தான் இருக்கும் என்பது, இருபது வருஷம் செருப்பு விற்ற எனக்கு உறைக்கவே இல்லை. கூச்சமாகிவிட்டது. குரலைத் தணித்துக்கொண்டு, நூலில் அளந்தது எப்போது என்று கேட்டேன்.

"அவிய தூங்கும்போதுதான் அண்ணாச்சி. முழிச்சிருந்தா எங்கிட்ட காலைக் காட்ட மாட்டாவ."

காட்டாத கால்

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. ஆளையே கூட்டிக்கொண்டு வா என்றேன். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் தொழிலுக்குப் போகமாட்டார்கள். மாதா கோயில் பூசை முடிந்து, வெள்ளைச் சட்டையோடு மிக்கேல் வந்தார். ஐம்பது வயசு இருக்கும். உள்ளே வரத் தயங்கி வாசலிலேயே நின்றவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். வலது காலைத் தூக்கிப் பார்த்தால், சுண்டுவிரல் இல்லை. பெருவிரலுக்கு அடியில் ஒரு புண். புண்ணுக்குள் கெளுத்தி மீனின் முள் ஒடிந்து நிற்கிறது. காலைக் கீழே விடாமல் குனிந்து பார்த்தேன். அவரோ, என்ன அண்ணாச்சி பார்க்கிறிய என்று சாதாரணமாகக் கேட்கிறார். சர்க்கரை வியாதி. பாதத்தில் உணர்ச்சியே இல்லை.

ரோஸ்லின் ஒவ்வொன்றாகச் சொன்னாள். சுண்டுவிரலைப் போன வருஷம் எடுத்தார்கள். இன்னொரு புண் முற்றினால் கணுக்காலோடு எடுக்க வேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். வீட்டுக்குள்ளேகூட செருப்பில்லாமல் கால் தரையில் படக் கூடாது. வீட்டில் சரி, வள்ளத்தில்? அதையும் ரோஸ்லின்தான் சொன்னாள். வள்ளம் மிக்கேலின் அக்காவுடையது. அதில் யாரும் செருப்புக் காலோடு ஏறியதில்லை. கரையிலேயே கழற்றிப் போட்டுவிட்டு, அணியத்தை, அதாவது படகின் முன்பக்கத்தை, தொட்டுக் கும்பிட்டுத்தான் ஏறுவார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க, கால் போன பிறகு கும்பிட்டுக்கிட்டே இருக்கலாம் என்று கத்திவிட்டேன். மிக்கேல் கோபப்படவில்லை.

"நீங்க கோயிலுக்குள்ள செருப்பு போட்டுப் போவியளா அண்ணாச்சி? எனக்கு அதான் கோயிலு. அதுபோக, முள்ளு குத்துனா எனக்குத்தான் வலிக்கவே மாட்டேங்குதே."

பூட்ஸும் வாளியும்

அன்றிலிருந்து எனக்கு நிலைகொள்ளவில்லை. முள்ளை ஆஸ்பத்திரியில் எடுத்துக் கட்டுப் போட்டார்கள், பத்து நாளில் மிக்கேல் மறுபடி கடலுக்குப் போய்விட்டார். சாப்பிடும்போதும் அந்தக் கால்தான் கண்ணில் நிற்கிறது. ஆறுமுகநேரிப் பக்கம் உப்பளத்தில் போடுகிற முழங்கால் உயர ரப்பர் பூட்ஸ் வாங்கி வைத்தேன். அக்காக்காரி சம்மதித்தால் இதைப் போட்டுவிட்டால் போச்சு, எந்த முள் உள்ளே நுழையும் என்று ஒரு நினைப்பு.

அதை முதலில் எடுத்துப் பார்த்தவர் லாரன்ஸ் என்ற வயசான விசைப்படகு டிரைவர். ஒரு வாளித் தண்ணீர் கேட்டார். கால் கழுவ என்று நினைத்துக் கொடுத்தேன். மனுஷன் பூட்ஸை மாட்டிக்கொண்டு, ரெண்டிலும் தண்ணீரை நிரம்ப ஊற்றிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காலை உதறுகிறார். கழலவில்லை. இன்னும் வேகமாக உதறியதில் பள்ளிக்கூட ஷூ அடுக்கின் மேல் சாய்ந்து, அட்டைப்பெட்டிகள் எல்லாம் தண்ணீரில் கிடக்கின்றன. ஜெபமணி அக்கா விளக்குமாறோடு ஓடி வருகிறார். உங்களுக்கு என்ன பைத்தியமா என்று நான் குதித்தேன். அவர் விழுந்த இடத்தில் உட்கார்ந்தபடியே பூட்ஸைக் கையால் இழுத்துக் கழற்றிக்கொண்டு சொன்னார்:

"கடல்ல தவறி விழுந்தா இது என்னைய அடியில கூட்டிட்டுப் போயிரும்வே. ஒம்ம தரைய இந்தம்மா தொடைச்சிருவா, எம் பொண்டாட்டி கண்ணைத் தொடைக்க நீரா வருவீரு?"

ஒரு நாள் கடல்

அதற்குப் பிறகு கடையில் இருந்த ஒவ்வொரு ஜோடியையும் நானே போட்டுக்கொண்டு வாளிக்குள் நின்று பார்த்தேன். கழற்ற நினைத்தால் ஒரு இழுப்பில் கழல வேண்டும், கழற்றாதவரை காலோடு இருக்க வேண்டும், உள்ளே வந்த தண்ணீர் உடனே வெளியே போக வேண்டும். கடைசியில் பின்பட்டை வைத்த ஒரு ரப்பர் செருப்பு தேறியது. அதைத் தூக்கிக்கொண்டு மிக்கேலின் அக்கா சவேரியம்மாளிடம் போனேன். அறுபது தாண்டியவர். புருஷன் இறந்த பிறகு வள்ளத்தையும் நடத்தி, தம்பியையும் வளர்த்தவர். கரையில் நின்று மீன் ஏலம் விடுகிற குரலுக்கு ஆண்களே ஒதுங்குவார்கள். செருப்பைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் வள்ளத்தில் போய்விட்டு வந்து பேசுங்க என்றார்.

போனேன். கரையில் என் செருப்பையும் வரிசையில் விடச் சொன்னார்கள். மணலில் எத்தனை ஜோடி கிடக்கிறதோ அத்தனை பேர் கடலில் இருக்கிறார்கள் என்று வீட்டுப் பெண்களுக்குக் கணக்கு. போனதிலிருந்து நான் வாந்தி எடுத்த கதை உங்களுக்கு வேண்டாம். தலையைத் தூக்க முடியாமல் கிடந்ததால் எல்லோருடைய காலையும் நன்றாகப் பார்த்தேன். விரல்களை விரித்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கால்கள். ஒருவர் விரலிடுக்கில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையால் வேறு வேலை செய்கிறார். பலகை முழுக்க முள்ளும் செதிலும் வழுவழுப்பும். அப்புறம்தான் இன்னொன்றைக் கவனித்தேன். மிக்கேல் நகர்ந்த இடத்தையெல்லாம் மற்றவர்கள் குனிந்து பார்த்துக்கொண்டார்கள். பலகையில் சிவப்பு தெரிந்தால், "அண்ணே, கால்" என்று ஒருவர் சொல்லுவார். மிக்கேல் உட்கார்ந்து துணி சுற்றிக்கொள்வார். இன்னொருவர் வாளியில் தண்ணீர் மொண்டு பலகையைக் கழுவி விடுவார். அவர்களுக்கு அது தினசரி வேலை. 

சாயங்காலம் கரையில் இறங்கி, கொப்புளம் போட்ட காலோடு நொண்டிக்கொண்டே போய் அந்தம்மாவிடம் பார்த்ததைச் சொன்னேன். கோயில் கோயில் என்கிறீர்களே, தினமும் அங்கே உங்க தம்பி ரத்தத்தைக் கழுவுகிறார்கள், தெரியுமா என்று கேட்டேன். அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. மீன் கூடையைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"கரையில மிதிச்ச அசிங்கத்தை வள்ளத்துல ஏத்தக் கூடாதுன்னுதான் செருப்பு ஆகாதுங்கது. கரையே மிதிக்காத செருப்பு ஒங்க கடையில உண்டா?"

மேசை மேல் நின்றவர்

உண்டு என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் சிக்கல் புரிந்தது. கடைத் தரையும் கரைதானே. அதில் போட்டுப் பார்த்தால் கரையை மிதித்த செருப்பாகிவிடும். போட்டுப் பார்க்காமல் கொடுத்தால் மறுபடி நூல் கதைதான். அதுவும் உணர்ச்சியில்லாத காலுக்குக் கடிக்கிற செருப்பைக் கொடுத்தால் முள்ளைவிட மோசம், அது கடிப்பதே அவருக்குத் தெரியாது.

ஜெபமணி அக்காதான் வழி சொன்னார். மேசையைக் காலி பண்ணி, புதுப் போர்வை ஒன்றை விரித்தோம். கால் வீங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, கடலிலிருந்து வந்த கையோடு மிக்கேலை அதன்மேல் ஏற்றினோம். தலையில் அடிக்கும் என்று ஃபேனை நிறுத்தினேன். அதே பின்பட்டை ரகத்தில் பெட்டியிலிருந்து எடுத்த புதுச் செருப்பு, முன்பக்கம் அகலம், உள்ளே தையல் கிடையாது, அடியில் நல்ல பிடிப்பு. வலை இழுக்கிற மாதிரி இழுங்க, சாயுங்க, ஒற்றைக் காலில் நில்லுங்க என்று அரை மணி நேரம் ஆட்டி வைத்தேன். கழற்றி, விரல் விரலாகத் தடவிப் பார்த்தேன், எங்கேயும் சிவக்கவில்லை. வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. மகளுக்கு ஷூ வாங்க வந்த ஒரு டீச்சர் மேசையையும் மேலே நின்றவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"அண்ணாச்சி, எங்களையும் மேல ஏத்துவியளா, இல்ல கீழயே போட்டுப் பாத்துக்கிடலாமா?"

தண்ணீரில் இறங்கியவர்

மறுநாள் விடியற்காலை என் கால் தானாகக் கரைக்குப் போய்விட்டது. புதுச் செருப்பு துணிப்பையில் முன்னதாகவே வள்ளத்தில் ஏறியிருந்தது. மிக்கேல் கரைச் செருப்பை வழக்கம்போல மணலில் கழற்றப் போனார். அப்போதுதான் எல்லோருக்கும் புத்தியில் பட்டது. வள்ளம் முழங்கால் ஆழத்தில் நிற்கிறது. நடுவில் இருக்கிற தண்ணீரில் சிப்பியும் துருப்பிடித்த தூண்டிலும் கிடக்கும். வெறுங்காலோடு போனால் இத்தனை பாடும் வீண். போட்டுக்கொண்டே போனால், கரை மிதித்த அந்த ஜோடியைக் கழற்றி வள்ளத்தில்தான் வைக்க வேண்டும். "ரெண்டு எட்டுதான, போயிருதேன்" என்றார் மிக்கேல். நான் வாயைத் திறப்பதற்குள் சவேரியம்மாள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

"போட்டுக்கிட்டே வாலே" என்று தம்பியைக் கூப்பிட்டார். வள்ளத்தின் ஓரத்தில் கால் வெளியே தொங்கும்படி அவரை ஏறி உட்கார வைத்து, தண்ணீரில் நின்றபடி, தம்பி காலிலிருந்து செருப்பை ஒவ்வொன்றாகத் தன் கையால் கழற்றினார். மிக்கேல் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தார். கணுக்காலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தாய் ஸ்தானத்தில் இருக்கிற அக்கா செருப்பைத் தொடுவதைப் பார்க்கச் சகிக்காமல் மற்றவர்கள் இன்ஜின் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர் ரெண்டையும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு கரைக்கு வந்து, மணலில் கிடந்த வரிசையில் சேர்த்து வைத்தார். மிக்கேல் உள்ளே துணிப்பையைப் பிரித்தார்.

புண் ஆற மூணு மாசம் பிடித்தது. கால் இருக்கும், பயமில்லை என்று டாக்டர் சொன்னதை ரோஸ்லின் கடைக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். அடுத்த நாள் கரைக்குப் போனால் சவேரியம்மாள் அன்றைக்கும் தண்ணீரில்தான் நிற்கிறார். இதை ரோஸ்லின் செய்யக் கூடாதா, உங்களுக்கு ஏன் இந்த வயசில் என்று கேட்டேன். கையிலிருந்த செருப்பிலிருந்து தண்ணீரை உதறிக்கொண்டே சொன்னார்:

"வள்ளத்துல செருப்பு ஏறப்படாதுன்னு இத்தன வருசமா சொன்னது நான்தான அண்ணாச்சி. அப்போ சொமக்கதும் நான்தான்."

இருபது வருஷமாக ஊரையே நடக்க வைப்பது நான்தான் என்று நினைத்துத் திரிந்தவன், கரையில் ஒரு அடிகூட நடக்காத ஒரு ஜோடியை விற்ற பிறகுதான் ஸ்டூலிலிருந்த அட்டைப்பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நிம்மதியாக உட்கார்ந்தேன்.